ஒரு மைக்கா குறைச்சல்

மெஷினுக்கு இன்னும் கரண்டே கொடுக்கவில்லை. கெசியா இரண்டு கைப்பிடிகளையும் பிடித்து ஓர் அழுத்து அழுத்துகிறாள். ஸ்பிரிங் நசுங்கி மெஷின் கீழே இறங்க, பக்கவாட்டில் நிற்கும் இரும்புக் கம்பி அடியிலிருக்கும் முட்டில் இடித்து ‘டக்’ என்கிறது. கையைத் தளர்த்தினால் எழும்பி வருகிறது. மறுபடியும் ஓர் அழுத்து, மறுபடியும் ‘டக்’. மூன்றாவது தடவை மட்டும் கண்ணை மூடிக்கொள்வாள். முந்தின இரண்டைப் போலவே அந்தச் சத்தமும் விழுந்தால்தான் அவள் கை சுவிட்சுக்குப் போகும். இதைப் பார்த்துவிட்டு, “பூசை போடறீங்களாக்கா?” என்று கேட்டவர்கள் உண்டு. “டக்குன்னா கம்பி நிக்குதுன்னு அர்த்தமுங். டொக்குன்னா நழுவுதுன்னு அர்த்தம். டொக்குன்ன பொறகு சாமி கும்பிட்டு என்ன பிரயோசனம்?” என்பாள்.

சிங்காநல்லூரில் குளத்துப் பக்கம் திரும்பும் சந்தில், மோட்டார் வைண்டிங் கடைக்கும் லேத் பட்டறைக்கும் நடுவே அவளுடைய தகரக் கொட்டகை. உள்ளே போனால் செருப்புக்கடியில் மரத்தூள் மெத்தென்று அமுங்கும். கதவு, கட்டில் தலைப்பலகை, சாமி ரூம் நிலை, சர்ச் பீடம் என்று எதில் பூவேலை வேண்டுமென்றாலும் ஆட்கள் இங்கே வருவார்கள். முருகன் வீட்டு மயிலும் மாதா கோயில் திராட்சைக் கொடியும் ஒரே மெஷினில் ஒரே மத்தியானத்தில் முடிவது இங்கே சாதாரணம். பூவேலைக்கு அவள் வைத்திருப்பது ரூட்டர். தலைகீழாக நிறுத்திய மிக்ஸி மாதிரி இருக்கும். அடியில் பிட் என்கிற வெட்டுமுனை சுழலும். அழுத்தினால் பிட் மரத்துக்குள் இறங்கும். எவ்வளவு இறங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பக்கவாட்டுக் கம்பியும் அதை இறுக்கிப் பிடிக்கும் ஒரு திருகும்தான்.

அந்தத் திருகைக் கெசியாவைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. கொட்டகையில் இருக்கும் ஒரே சட்டம் அது.

அளவு வைக்க அவளிடம் ஸ்கேல் இருக்கிறது, டிஜிட்டல் காலிப்பர் இருக்கிறது, இரண்டும் பெட்டிக்குள் தூங்கும். அவள் எடுப்பது இடுப்பில் தொங்கும் ஒரு கம்பி வளையத்தை. அதில் ஓட்டை போட்டுக் கோத்த மைக்காத் துண்டுகள், சமையலறை மேடைக் கதவுகளில் ஒட்டுகிற அதே மைக்கா. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் கனம். சிவப்பு, பச்சை, சந்தன நிறம், மரக்கோடு போட்டது என்று பல ஜாதி. பிட்டின் நுனி மரத்தைத் தொடுகிற மாதிரி மெஷினை நிறுத்தி, கம்பிக்கும் முட்டுக்கும் நடுவே நாலு மைக்காவைச் செருகி, திருகை இறுக்கி, மைக்காவை உருவிவிடுவாள். இனி அழுத்தினால் பிட் நாலு மில்லி இறங்கும், அதற்கு மேல் தலைகீழாக நின்றாலும் இறங்காது. அவள் பேச்சில் மில்லிமீட்டர் என்ற சொல்லே கிடையாது. “இந்தக் கொடி ரெண்டு மைக்கா போதுமுங். பூவு அஞ்சு மைக்கா இல்லீன்னா தூரத்துல இருந்து பாத்தா செத்த மாதிரி இருக்கும்” என்று விளக்குவாள். மர வியாபாரிகளே இப்போது அவளிடம் மைக்காக் கணக்கில்தான் பேசுகிறார்கள்.

வாடிக்கைக்காரர் நாலு மைக்கா கேட்டால் முதலில் மூன்றுதான் எடுப்பாள். ஆள் வந்து பார்த்துத் தலையாட்டிய பிறகே கடைசி மைக்கா இறங்கும். எத்தனை அவசரம் என்றாலும் இதில் மாற்றமில்லை. “எச்சா எடுத்தா போச்சுங். கொறச்சலா எடுத்தது எதும் போகாது, இன்னொருக்கா எடுத்துக்கலாம்” என்பது அவள் வேதவாக்கு. கொங்கு நாட்டில் எச்சா என்றால் அதிகம் என்று அர்த்தம். அவள் வாயில் அது கிட்டத்தட்ட கெட்ட வார்த்தை.

அதற்கு ஒரு காரணம் சுவரில் தொங்குகிறது. சுவிட்ச் போர்டுக்கு மேலே அழகான தேக்குப் பலகை ஒன்று, நடுவில் ஒரு விரல் நுழைகிற பொத்தல். சர்ச்சில் வேதம் வாசிக்கிற மேடைக்காகச் செய்தது. அவள் வீட்டுக்காரர் பிராங்க், டவுன் பஸ் கண்டக்டர், ரொம்பச் சாது. ஒரு நாள் சாப்பாடு கொடுக்க வந்தவர், அவள் கை கழுவப் போன நேரத்தில் அந்தத் திருகைப் பிடித்துச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்திருக்கிறார். வந்தவள் அவசரத்தில் ‘டக்’ பார்க்காமல் அழுத்திவிட்டாள். பிட் பலகையைத் தாண்டி மேசையைக் குடைந்துவிட்டுத்தான் நின்றது. கெசியா சண்டை போடவில்லை, ஆணி அடித்து மாட்டிவிட்டாள். வருகிறவர்களுக்கெல்லாம் அறிமுகம் செய்து வைப்பாள்: “இது பிராங்க் ஜன்னலுங்.” அன்றிலிருந்து பிராங்க் மெஷினுக்கு இரண்டு கை தூரத்தில்தான் நிற்கிறார். டிபன் கேரியரைக்கூட வாசலிலிருந்தே நீட்டுகிறார்.

வால்பாறையில் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள் கெசியா. கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் வாந்தி எடுத்தபடி இறங்கிவந்து, ஒரு ஃபர்னிச்சர் கம்பெனியில் உப்புத்தாள் தேய்க்கிற வேலைக்குச் சேர்ந்தவள். ஒரு நாள் மெஷின்காரர் வரவில்லை. இவள் கைப்பிடியைப் பிடித்தாள். பிடித்தது பிடித்ததுதான். தன் வேலையைப் பற்றிப் பேசுவதில் அவளுக்குக் கூச்சமே கிடையாது. “கோயமுத்தூர்ல என்னையாட்ட ஆழம் புடிக்க ஆளு இல்லீங். இருந்தா கூட்டியாங்க, டீ வாங்கித் தாரன்” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சவால் விடுவாள். மெஷின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசி அவள் குரலும் ஒரு சைஸ் பெரிதாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்குழுவில் அவளுக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தாங்கள் பாடுகிறோமா இல்லையா என்பதே சந்தேகமாகிவிடும்.

அடுத்த தெருவில் அப்துல் நாசர் கம்ப்யூட்டர் மெஷின் போட்டிருக்கிறார். படத்தை ஏற்றிவிட்டால் அதுவே வெட்டித் தள்ளும். இரண்டு பேருக்கும் போட்டி என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். அவருடைய மெஷினுக்குப் பலகை தண்ணீர் மாதிரி மட்டமாக இருக்க வேண்டும். வளைந்த பலகையில் அது ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் காற்றிலும் வெட்டும். கெசியாவின் மெஷினோ மரத்தின் முதுகிலேயே உட்கார்ந்து போவதால், மரம் எப்படி வளைந்தாலும் ஆழம் மாறாது. அதனால் வளைந்தது, நெளிந்தது, கோணிக்கொண்டது எல்லாவற்றையும் பாய் இவளிடம் தாட்டி விடுவார். இவளும் மட்டமான பலகையில் ஒரே மாதிரி முப்பது கதவு என்று யாராவது வந்தால் அவரிடம் தாட்டி விடுவாள்.

அப்படித்தான் ஆடிக் காற்று தகரத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அந்தப் பலகை வந்தது. குட்டியானை வண்டியிலிருந்து இரண்டு பேர் இறக்கினார்கள். பின்னாலேயே பாய்.

“கெசியாம்மா, இது நம்மகிட்ட ஆகாது. தொட்டில் மாதிரி வளைஞ்சிருக்கு. இழைச்சு மட்டம் பண்ணலாம்னா பாதி வேலை ஏற்கெனவே முடிஞ்சு நிக்குது. நீ பாரு.”

அகலமான தேக்கு, சாமி ரூமுக்கான ஒற்றைக் கதவு. இடப்பக்கம் தோகையைத் தொங்கவிட்ட ஒரு மயில், உளியால் கையிலேயே செதுக்கியது. வலப்பக்கம் அதைப் பார்த்து நிற்க வேண்டிய ஜோடி மயில், வெறும் பென்சில் கோடாக. வண்டியோடு வந்திருந்த பெண்மணி ராசாத்தாள், சூலூர்ப் பக்கம் தோட்டமும் தறிப்பட்டறையும் உள்ள குடும்பம். முந்தானையால் பலகையின் தூசியைத் துடைத்தபடியே சொன்னார்.

“எங்கூட்டுக்காரரு செதுக்குனதுங் அம்மணி. பட்டறையைப் பையன் பாத்துக்கறான்னு ஆன பொறகு, போன்ல பாத்துப் பாத்து உளி புடிச்சாரு. இக்கட்ட, இடது பக்கத்து மயிலு முடிஞ்சுது, அவருக்கு வலது கையும் காலும் விழுந்து போச்சு. வருசம் ஆகுதுங். பலகை தறிச்செவுத்துல சாஞ்சே நின்னு வளைஞ்சு போச்சு. அந்தப் பக்கம் போனாலே மொகத்தைத் திருப்பிக்குறாரு. நேத்து சொல்றாரு, அடுப்புக்குப் போட்டுருன்னு.”

“போட்டுருவீங்களா?”

“நானா? அதுக்குத்தான் பாய்கிட்டக் கொண்டாந்தன். அக்கட்ட மயிலையும் முடிச்சுக் கதவா மாட்டிப்போட்டா அவருக்கு ஒரு தெம்பு வரும்னு பாக்கறன். இதாட்டப் பலகை இன்னொண்ணு இல்லீங் அம்மணி. அப்படியே இருந்தாலும் அவரு செதுக்குனது அதுல இருக்காதில்ல.”

முந்தானை பலகையிலிருந்து கண்ணுக்குப் போனது. கெசியாவுக்கு அழுகிற ஆட்களைக் கண்டால் கை கால் ஓடாது, அதனால் இன்னும் சத்தமாகப் பேசினாள். “வுடுங்கம்மா. ரெண்டு மயிலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா எது எவரு செஞ்சதுன்னு மயிலுக்கே தெரியாது. அவரைக் கூட்டிட்டு வாங்க, பாத்துப்போட்டுச் சொல்லட்டும்.”

சொன்னதைச் செய்யக்கூடியவள்தான். பெரியவரின் மயிலில் கழுத்தோரம் இருந்த தோகைக் கண் ஒன்றில் மைக்காக்களை அடுக்கி அளந்தாள். கிண்ணம் போன்ற அழகான குழி, சரியாக நாலு மைக்கா. அது போதும் அவளுக்கு. வழக்கப்படி மூன்று வைத்து, புது மயிலின் கழுத்து, கொண்டை, இறகு என்று வரிசையாக முடித்துக்கொண்டு போய், தோகைக் கண்களை உருண்டை மூக்கு பிட்டால் ஒவ்வொன்றாக இறக்கினாள். வளைந்த பலகை மேல் மெஷின் குழந்தை தவழ்கிற மாதிரி ஏறி இறங்கிப் போனது. அத்தனை கண்ணும் அச்சில் வார்த்தாற்போல ஒரே ஆழம். பாய் வந்து பார்த்துவிட்டு, “மாஷா அல்லா” என்றார். கெசியாவும் இல்லையென்று மறுக்கவில்லை.

ராசாத்தாளின் கணவர் பாலுசாமியைக் காரிலிருந்து இறக்கிக் கொட்டகைக்குள் கொண்டுவந்து உட்காரவைக்கவே வெகு நேரம் பிடித்தது. நல்ல உயரம், வெள்ளை வேட்டி, மடியில் கிடந்த வலது கையை இடது கை மூடியிருந்தது. பிராங்க் அன்று லீவு. பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு வழக்கமான தூரத்தில் போய் நின்றுகொண்டார். கெசியா பலகை மேலிருந்த துணியை உருவினாள்.

ராசாத்தாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “ஏனுங், பாருங். ஜோடி சேந்திருச்சு.”

பெரியவர் புது மயிலை வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் மயிலைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியதால் சொற்கள் மெல்லத்தான் வந்தன.

“நல்லா இருக்குது. என்ற மயிலை... வழிச்சுப்போடு. அதையும் இதாட்டவே பண்ணிரு.”

முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கெசியாவுக்குப் பேச்சு வரவில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும். வேலையில் குறை சொன்னவர்களை அவள் பார்த்திருக்கிறாள், சமாளித்திருக்கிறாள். இவர் குறை சொல்லவில்லை. இவளுடைய வேலையைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதை அழிக்கச் சொல்கிறார். வழித்துவிட்டால் கதவு மிஞ்சும், ராசாத்தாள் எதற்காக இத்தனை தூரம் தூக்கிவந்தாரோ அது மிஞ்சாது.

என்ன செய்வதென்று தெரியாதபோது அவள் அளப்பாள். இடுப்பு வளையத்தை எடுத்துப் பெரியவரின் மயிலுக்குப் போனாள். கழுத்தோரக் கண், நாலு மைக்கா. அது தெரிந்ததுதான். அதற்கடுத்த வரிசையில் வைத்தாள், நாலாவது மைக்கா மேலே துருத்திக்கொண்டு நின்றது. இன்னும் கீழே போனாள். அங்கே இரண்டுதான் கொண்டது. தோகையின் நுனியில் கடைசிக் கண்ணுக்கு வந்தபோது ஒரே ஒரு மைக்காவைத்தான் வைக்க முடிந்தது, அதுவும் முழுக்க உட்காரவில்லை. பாதி வெளியில் நின்றது.

அப்போதுதான் தன் முட்டாள்தனம் அவளுக்கு உறைத்தது. ஒரு குழியை அளந்தால் எல்லாக் குழியையும் அளந்த மாதிரி என்று நினைப்பது மெஷின்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. அவர்களுடைய மெஷினில் கம்பி இருக்கிறது, அது நிறுத்தும். கையில் உளி பிடித்தவருக்கு ஏது கம்பி? புது மயிலில் எல்லாக் கண்ணும் விழித்துப் பார்க்க, பழைய மயில் கழுத்திலிருந்து நுனிக்குப் போகப்போகத் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒன்று இல்லாதவரை அது யாருக்கும் தெரியவில்லை. இவள்தான் பக்கத்தில் ஒன்றைச் செய்து காட்டிக்கொடுத்துவிட்டாள்.

“ஏனுங்கய்யா, கழுத்துல ஆரம்பிச்சுத்தானே கீழ வந்தீங்க? இந்தக் கடைசிக் கண்ணு எப்பங் போட்டது?”

ராசாத்தாள்தான் சொன்னார். “அதைப் போட்டு ஒரு வாரங்கூட ஆகலீங் அம்மணி, குளிக்கப் போன எடத்துல விழுந்தாரு.”

கெசியா மைக்காவை அந்தக் கண்ணிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். மற்றவர்களுக்கு அது தோகை. அவளுக்கு அது ஆழம். அந்த மனிதருடைய கை எந்த இடத்தில் தளர ஆரம்பித்தது, எங்கே பாதியானது, எங்கே அடியோடு விட்டது என்று பலகையில் அப்படியே இருந்தது. அவளுக்குத் தெரிகிறது என்பது பெரியவருக்கும் தெரிந்துவிட்டது. இடது கையால் வலது கையை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்.

“கை மரத்துப்போயிட்டே வந்துச்சு,” என்றார். “உளி உள்ள போகலை. நாந்தான்... சொல்லலை.”

ராசாத்தாளுக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது. விளங்கியதும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். “அப்பவே தெரியுமுங்களா? கூடவே உக்காந்து காப்பி குடுத்தனே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பன்ல. இத்தனை நாளு மனசுக்குள்ள வெச்சுக்கிட்டா அந்தப் பலகையைப் பாக்காம மொகத்தைத் திருப்புனீங்க?” கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். பிராங்க் என்ன செய்வதென்று தெரியாமல் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டி, மரத்தூளைக் கிளப்பி, மறுபடியும் குறைத்தார்.

கெசியா மட்டும் திடீரென்று பழைய கெசியா ஆனாள். “இத்தனைதானா? அய்யா, இங்க பாருங்க. எச்சா எடுத்ததுதான் போச்சுங். கொறச்சலா எடுத்தது எதும் போகலை. அதை இன்னொருக்கா எடுத்துக்கலாம். என்ற மயிலும் மூணு மைக்காவுலதான் நிக்குது, ஒரு மைக்கா பாக்கி. ரெண்டையும் நாலுக்கு எறக்கோணும். எறக்கப் போறது நானில்லை.”

“பின்னே ஆரு?” என்றார் ராசாத்தாள்.

கெசியா நாற்காலியோடு பெரியவரை மேசைக்கு இழுத்தாள். பிராங்கைக் கூப்பிட்டாள். அவர் தயங்கித் தயங்கி, பல வருடங்களில் முதல் தடவையாக, மெஷினுக்கு ஒரு கை தூரத்தில் வந்து நாற்காலியை முட்டுக்கொடுத்துப் பிடித்தார். பெரியவருடைய மயிலின் கடைசிக் கண்ணின் மேல் ஓட்டை போட்ட ஒரு பிளைவுட் துண்டை வைத்துக் கிளாம்ப் போட்டு முடுக்கினாள், மெஷின் அப்படி இப்படி நகராமலிருக்க. அதற்குள் மெஷினை உட்காரவைத்து, முதலில் குறைச்சலாக இரண்டு மைக்கா செருகி, திருகை இறுக்கினாள். பெரியவரின் இடது கையை எடுத்து ஒரு கைப்பிடியில் வைத்தாள். மற்றதைத் தான் பிடித்துக்கொண்டாள்.

“மொதல்ல கரண்டு இல்லாம. அழுத்துங்.”

அவர் அழுத்தியும் இறங்கவில்லை. ஸ்பிரிங்கின் முறுக்கு அந்தக் கைக்குப் புதிது. உதட்டைக் கடித்துக்கொண்டு தோளைக் கொடுத்தார்.

டக்.

“இன்னொருக்கா.”

டக்.

மூன்றாவதற்கு அவர் தானாகவே கண்ணை மூடினார். கெசியா சுவிட்சைத் தட்டினாள். மெஷின் அலறியது, பெரியவரின் தோள் இறங்கியது, தோகைக் கண்ணைச் சுற்றி வெளுத்த தேக்குத்தூள் பொங்கி வழிந்தது. கம்பி முட்டில் இடித்து நின்றதை இரண்டு பேருமே கையில் உணர்ந்தார்கள். மெஷின் எழும்பி ஓய்ந்ததும் கெசியா பிளைவுட்டை விலக்கி ஊதினாள். தூங்கிக்கொண்டிருந்த கண் பாதி திறந்திருந்தது.

ராசாத்தாள் எட்டிப் பார்த்தார். கணவரின் தோளில் படிந்த தூளைத் தட்டிவிட்டார்.

பாலுசாமி இடது கை ஆட்காட்டி விரலை அந்தக் குழிக்குள் விட்டுச் சுற்றிலும் தடவினார். அடியைத் தொட்டுப் பார்த்தார். கழுத்தோரத்தில் தான் நல்ல கையோடு செதுக்கிய முதல் கண்ணுக்கு விரலைக் கொண்டுபோய் அதையும் தடவினார். இரண்டுக்கும் நடுவே அந்த விரல் போய்ப் போய் வந்தது. பிறகு நிமிர்ந்து கெசியாவைப் பார்த்தார்.

“இன்னும் எச்சா,” என்றார். இந்தத் தடவை சொல் கோணாமல் வந்தது.

பிராங்க் சுவிட்ச் போர்டுக்கு மேலே தொங்கும் பலகையை ஒரு தரம் பார்த்துவிட்டு மனைவியைப் பார்த்தார். கெசியாவின் விரல்கள் ஏற்கெனவே திருகின் மேல் போய் உட்கார்ந்திருந்தன. அங்கேயே சற்று நேரம் இருந்தன. பிறகு அவள் கையை எடுத்தாள். இடுப்பு வளையத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து, திருகு இருக்கும் பக்கம் பெரியவரின் இடது கைக்கு எட்டுகிற மாதிரி மெஷினைத் திருப்பி வைத்தாள்.